வயல் மூழ்கியது, பணம் யாருக்கு? பயிர் நிவாரணம்: கேள்வி பதில்

மழை விட்டதிலிருந்து டெல்டா பக்கத்து விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடிக்கடி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: ஐயா, ஒரு தடவை ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்றார்கள், இன்னொரு தடவை 17,000 என்றார்கள். எது சரி?

இரண்டும் சரிதான். ஒவ்வொரு பேரிடருக்கும் தனியாக அறிவிப்பு வரும். 2022-26 காலத்துக்கான பேரிடர் நிதி விதிப்படி, பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. 2024 ஃபெஞ்சல் புயலுக்கு இந்தக் கணக்குதான். 2023 பிப்ரவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தபோது மாநில அரசு 20,000 அறிவித்தது.

ஹெக்டேர் என்பதைக் கவனியுங்கள். 17,000 என்றால் ஏக்கருக்கு சுமார் 6,880, மாவுக்கு (சுமார் மூன்று மா ஒரு ஏக்கர்) 2,300கூட இல்லை. போட்ட முதலே இதில் திரும்பாது. விதியிலும் இதற்குப் பெயர் இடுபொருள் மானியம். அடுத்த சாகுபடிக்கு விதை, உரம் வாங்கக் கொடுப்பது. போன விளைச்சலின் விலை இல்லை.

மன்னார்குடியிலிருந்து: அண்ணே, 10 மா குத்தகைக்குச் செய்கிறேன். பட்டாக்காரர் சென்னையில். பணம் அவருக்குப் போய்விடுமா?

தம்பி, என்னை அதிகம் வருத்தும் கேள்வி இது. நாற்று விட்டது நீ, களை எடுத்தது உன் வீட்டார். வாய்ப்பேச்சில் குத்தகை என்றால் பணம் பட்டாக்காரர் கணக்குக்குப் போன கதை எத்தனையோ பார்த்திருக்கிறேன். உனக்குப் பிடிமானம் அடங்கல் என்ற கிராமச் சாகுபடிப் பதிவேடுதான். இந்தப் பருவத்தில் யார் சாகுபடி செய்கிறார்கள் என்பது அதில் பதிவாக வேண்டும். கணக்கெடுப்பு முடிவதற்குள் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து உன் பெயரைப் பதியச் சொல். வாய்மொழியோடு விடாதே, மனுவாகக் கொடுத்து ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று உரிமையாளர்கள் பயப்படுகிறார்கள். அதனால் எழுத்தில் தர மறுக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது குத்தகைக்காரர். பட்டாக்காரரிடம் போனில் பேசு. சாகுபடி செய்தவருக்கே நிவாரணம் போகட்டும் என்று அவர் ஒரு கடிதம் தந்தாலும் அலுவலரிடம் எடுத்துச் சொல்ல உதவும்.

கீழ்வேளூரிலிருந்து: அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை தண்ணீரை வடிக்காமல் வைத்திருக்கட்டுமா?

வேண்டவே வேண்டாம்! பயிர் பிழைப்பதுதான் முதல் நிவாரணம். சர்வே எண் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, மூழ்கிய வயலை நாலு பக்கமும் படம் எடுங்கள். உடனே வடிகாலைத் திறந்துவிடுங்கள். நீர் வடிந்து பயிர் தலை தூக்கியதும், ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளியுங்கள்.

அதே ஊரிலிருந்து: பாதிக்கு மேல் அழுகினால்தான் கொடுப்பார்களாமே?

அது பழைய விதி. 2015 முதல் 33 சதவீதம் சேதம் இருந்தாலே போதும். வருவாய்த்துறையும் வேளாண்மைத்துறையும் சேர்ந்து வயலைப் பார்ப்பார்கள். அன்று நீங்கள் வரப்பில் நில்லுங்கள். ரோட்டோர வயலைப் பார்த்துவிட்டு உள்வயலை விட்டுப் போனால், கூப்பிட்டுக் காட்டுங்கள்.

நன்னிலத்திலிருந்து: பயிர்க் காப்பீடு கட்டியிருக்கிறேன். நிவாரணமும் வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டும் வேறு. நிவாரணம் உங்கள் வயலைப் பார்த்து வருவது. நெல் காப்பீடு பெரும்பாலும் வருவாய் கிராமம் முழுவதற்குமான அறுவடைப் பரிசோதனையை, அதாவது சில வயல்களில் அறுத்து எடைபோட்ட விளைச்சலைப் பார்த்து வருவது. அதனால்தான் உங்கள் வயல் அழுகியும் காப்பீட்டுப் பணம் வராமல் போவதுண்டு.

வேதாரண்யத்திலிருந்து ஒரு அம்மா: கறவை மாடு செத்துப்போச்சு ஐயா. புதைத்துவிடட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள் அம்மா. முதலில் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அவர் பார்த்துச் சான்று கொடுத்தால்தான் பணம் கிடைக்கும். 2022-26 விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய். ஆடு என்றால் 4,000. கிராம நிர்வாக அலுவலருக்கும் இன்றே தகவல் சொல்லிவிட்டு, அப்புறம் புதையுங்கள்.