ரூல்புக்கில் எதைக் குறித்து வைப்பது?

கேள்வி: நண்பர்களுக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக ஆடும் கதை விளையாட்டு) நடத்துகிறேன். ரூல்புக் பிடிஎஃப்பில் முக்கியமான வரிகளையெல்லாம் ஹைலைட் செய்துவிட்டுத்தான் உட்காருகிறேன். ஆனாலும் நடுவில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் தேடிக்கொண்டே இருக்கிறேன். அதற்குள் எல்லோரும் போனை எடுத்துவிடுகிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: இவ்வளவு அக்கறையோடு தயாராகும் டஞ்சன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) கிடைத்தது உங்கள் நண்பர்களின் அதிர்ஷ்டம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புத்தகத்தில் விதிகள் தலைப்புவாரியாக இருக்கின்றன. ஆட்டம் காட்சி காட்சியாக நகர்கிறது. அதனால் குறிப்பையும் காட்சிக்காகவே எழுதுங்கள்.

அடுத்த செஷனில் படகு கவிழப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 2014 பதிப்பு விதிகளில், மூச்சடக்குவது ஒரு பகுதியில், நீருக்கடியில் சண்டை இன்னொரு பகுதியில், ஃபயர்பால் என்னும் நெருப்பு மந்திரம் மந்திரப் பட்டியலில். மூன்றையும் மஞ்சளாக்கினாலும் மூன்று இடத்துக்கும் ஓடத்தான் வேண்டும். நீருக்கடிச் சண்டைப் பக்கத்தில் ஒரே ஒரு கமென்ட் போடுங்கள்: “மூச்சு 1 + கான்ஸ்டிடியூஷன் மாடிஃபயர் நிமிடம், குறைந்தது 30 விநாடி. நீந்தும் வேகம் இல்லாதவர் கையாயுதத்தால் தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ். டாகர், ஜாவலின், ஷார்ட்ஸ்வோர்ட், ஸ்பியர், டிரைடன்ட் என்றால் இல்லை. முழுக்க மூழ்கியவருக்கு நெருப்புச் சேதம் பாதி.” (கான்ஸ்டிடியூஷன் மாடிஃபயர் என்பது கதாபாத்திரத்தின் உடலுறுதியைக் காட்டும் எண். டிஸ்அட்வான்டேஜ் என்றால் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது.) கேள்வி வந்ததும் இதைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம், பக்கம் புரட்ட வேண்டாம்.

புக்மார்க் பெயரையும் மாற்றுங்கள். அத்தியாயத் தலைப்பை அப்படியே வைக்காமல், விளையாடுபவர் வாயில் வரும் சொல்லை வையுங்கள்: “அவனைப் பிடிச்சு நிறுத்துறேன்”, “கூரையிலிருந்து குதிக்கிறேன்”. ஒரு செஷனுக்கு ஏழெட்டு போதும். அதற்கு மேல் போனால் அந்தப் பட்டியலிலேயே தேட வேண்டியிருக்கும்.

எந்தப் பதிப்பு என்பதை மட்டும் கறாராகப் பாருங்கள். ஒருவரைப் பிடித்து நிறுத்துவது 2014இல் இருவரும் பகடை உருட்டும் போட்டி. 2024இல் பிடிபடுபவர் மட்டும் சேவிங் த்ரோ (தப்பிப்பதற்கான பகடை) உருட்டினால் போதும். இரண்டு பிடிஎஃப்பும் டேப்லட்டில் இருந்தால் குறிப்புகள் கலந்துவிடும், ஒன்றை மூடி வையுங்கள்.

மூலப் பிடிஎஃப்பைத் தொடாமல் ஒவ்வொரு சாகசத்துக்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்வது நல்லது. சில செயலிகள் கமென்ட்டைக் கோப்புக்குள் சேமிப்பதில்லை. டேப்லட்டில் எழுதியது லேப்டாப்பில் தெரியாமல் போகும். ஆட்டத்துக்கு முந்தைய நாளே திறந்து பார்த்துவிடுங்கள். அடிப்படை விதிகளின் இலவசத் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அதிலிருந்து வேண்டிய பத்திகளை வெட்டி உங்களுக்கென்று ஒரு சிறு கோப்பே செய்துகொள்ளலாம்.

அப்புறம், எவ்வளவு தயாரானாலும் புத்தகத்தில் கைக்குச் சிக்காத கேள்வி ஒன்று வரும். ஒரு நிமிடம் தேடுங்கள், கிடைக்கவில்லையா, நீங்களே தீர்ப்புச் சொல்லி ஆட்டத்தை நகர்த்துங்கள். அந்தத் தீர்ப்பைத் தேதியோடு அந்தப் பக்கத்திலேயே வேறு நிறத்தில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அதே கேள்வியை இன்னொருவர் கேட்டால் அவருக்கும் அதே பதில் கிடைக்க வேண்டுமல்லவா?