வீடியோ கேமுக்கு மனத்தைத் தொடும் ஆர்க்கெஸ்ட்ரா இசை அமைக்க, மேற்கத்திய இசையை முறையாகப் படித்திருக்க வேண்டுமா?

படித்திருந்தால் நிச்சயம் உதவும். நான் படிக்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகில் ஒரு சிற்றூரில் பகலில் கணக்கு எழுதிக்கொண்டும், இரவில் மடிக்கணினியின் முன் அமர்ந்துகொண்டும், இரண்டு இளைஞர்கள் உருவாக்கிய ஒரு சிறிய விளையாட்டுக்குப் பதினொரு இசைத்துண்டுகள் அமைத்தவன் என்ற அளவில் மட்டுமே இதை எழுதுகிறேன். முறையாகக் கற்றவர்கள் இதில் பிழை காணக்கூடும், காணட்டும். கேள்வி கேட்டவரிடம் அநேகமாக ஒரு பழைய கீபோர்டும், நம்மால் ஆகுமா என்ற தயக்கமும் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அந்தத் தயக்கத்தைவிடப் பெரிய தடை வேறொன்று உண்டு. அதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

அந்த விளையாட்டின் கதை எளியது. ஒரு கடற்கரைச் சிற்றூர். கடலுக்குப் போன தகப்பனின் வள்ளம் திரும்பவில்லை. சிறுமி ஒருத்தி அரிக்கன் விளக்கை ஏந்திக்கொண்டு கரையோரம் நடக்கிறாள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபின் எங்கள் மாவட்டக் கடற்கரைகளில் கடலைப் பார்த்தபடி நின்ற குடும்பங்களைக் கண்டவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. நானும் கண்டவன் என்பதால், மூன்று நிமிடம் நாற்பது நொடி நீளத்தில், இரண்டாம் நிமிடத்துக்குப் பின் வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழும்பும்படி ஓர் இசையை எழுதிவிட்டு, அதைக் கேட்டு நானே கண்கலங்கினேன் என்பதையும் வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறேன்.

அதை என் அக்கா மகனிடம் விளையாடக் கொடுத்தேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் சிறுமியைத் தேட வேண்டிய திசையில் நடத்தாமல் கால்மணி நேரம் சிப்பி பொறுக்க வைத்தான். என் வயலின்கள் உச்சத்தில் கதறிய வேளையில் அவள் ஒரு தென்னையில் முட்டிக்கொண்டு நகர முடியாமல் நின்றாள். கடைசியில் தொலைவில் படகின் வெளிச்சம் தெரிந்தபோதோ, இசை சுற்றி வந்து தொடக்கத்தின் மெல்லிய புல்லாங்குழலில் போய் நின்றது. திரைப்படத்தில் காட்சியின் நீளம் இசையமைப்பவருக்குத் தெரியும். விளையாட்டில் அது ஆடுபவரின் கையில் இருக்கிறது. நான் சொன்ன தடை இதுதான். இசைக் கல்லூரியில் படித்திருந்தாலும் இதில் நான் இடறியிருப்பேன்.

இதற்கு விடை, என் வீட்டின் பின்புறத்திலிருந்து வந்தது. அங்கே ஓர் இசக்கியம்மன் கோயில் உண்டு. நாங்கள் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் என்றாலும், கோயில் திருவிழாவான கொடை நாளில் வில்லுப்பாட்டு விடியும்வரை எங்கள் படுக்கையறைக்குள் கேட்கும். அந்த ஆண்டு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். கதை முக்கியமான கட்டத்துக்கு வந்துவிட்டது. அம்மன் அருள் வந்து ஆடவேண்டிய கோமரத்தாடிக்கு இன்னும் அருள் வரவில்லை. வில்லுப்பாட்டை நடத்தும் புலவர் அடுத்த அடிக்குப் போகாமல் பாடிய அடியையே மறுபடியும் பாடினார். பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடினார்கள். குடமும் உடுக்கும் தளராமலும் ஏறாமலும் அதே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தன. அருள் வந்த நொடியில்தான் உடுக்கின் வேகம் ஏறியது. மறுநாள் காலையில் என் மூன்று நிமிடம் நாற்பது நொடியையும் அழித்துவிட்டேன்.

புதிதாக எழுதியது பதினாறு தாளச் சுற்றுகள் மட்டுமே. சுற்றுக்கு நான்கு தாள அடி, நிமிடத்துக்கு அறுபது தாள அடி என்ற வேகத்தில் 64 நொடிகள். அதை நான்கு அடுக்குகளாகப் பிரித்தேன்: அடித்தளத்தில் செல்லோ, டபுள் பேஸ் என்ற தாழ்ந்த ஒலியுள்ள தந்தி வாத்தியங்கள், அதற்கு மேல் வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா, அதற்கு மேல் வயலின்கள், கடைசியாக ஹார்ன் என்ற ஊதுகருவி. நான்கும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒன்றாகவே ஓடும். கேட்க வேண்டாதவற்றின் ஒலியளவு மட்டும் சுழியத்தில் இருக்கும். சிறுமி வெளிச்சத்தை நெருங்க நெருங்க, எஃப்மாட் என்ற மென்பொருள் வழியாக விளையாட்டே ஒவ்வோர் அடுக்கையும் திறக்கும். நான்கும் ஒரே கார்டுகளின் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகளின்) மேல் எழுதப்பட்டிருப்பதால் எது எப்போது நுழைந்தாலும் இடிக்காது. இது என் கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு ஏற்ப இசையை மாற்றும் ஐமியூஸ் என்ற அமைப்பை லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் 1991-லேயே பயன்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் அதைப் புத்தகத்தில் அல்லாமல் கொடையில் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

‘மனத்தைத் தொடும்’ இசை என்று கேட்டிருக்கிறீர்கள், அந்த உணர்ச்சி எங்கிருந்து வரும் என்பதையும் சொல்கிறேன். நான் பதினைந்து ஆண்டுகள் தேவாலயப் பாடகர் குழுவில் டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) பாடியவன். நான்கு குரல்களில் பாடிப் பழகியவர்களுக்கு ஓர் இடம் நன்றாகத் தெரியும்: மற்ற மூன்று குரல்களும் அடுத்த கார்டுக்குப் போய்விட, ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) மட்டும் பழைய சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, ஓர் அடி கழித்துத் தயக்கத்துடன் இறங்கும். அந்த ஓர் அடி நேரம் நெஞ்சு பிசையும். வரவேண்டியவர் வராத வீட்டைப் பற்றிய கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தோன்றவில்லை. எனவே வியோலாவுக்கு அந்த ஆல்டோவின் வேலையைக் கொடுத்தேன். உணர்ச்சி என்றதும் சுபபந்துவராளி ராகத்தை வரவழைத்து எல்லா வாத்தியங்களையும் ஒன்றாக அழவிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சிலர் கோபிக்கலாம், எனக்கு அதில் உடன்பாடில்லை.

வாத்தியங்களைப் பொறுத்தவரை, ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா டிஸ்கவர் என்ற கணினி வாத்தியத் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கும். தொடங்குவதற்கு அது போதும். ஆனால் சுரங்களைப் பதிவு செய்துவிட்டு அப்படியே விட்டால் செல்லோ ஆர்மோனியம்போல் ஒலிக்கும். ஒவ்வொரு நீண்ட சுரத்துக்கும் கீபோர்டின் ஓரத்தில் உள்ள மாட் வீல் என்ற சிறு சக்கரத்தை நகர்த்தி, வில் அழுந்துவதையும் தளர்வதையும் நாமே வரைய வேண்டும். என் உழைப்பில் பாதி இதிலேயே போயிற்று. பிறகு, முடித்த இசையைக் கோப்பாக ஏற்றுமதி செய்வது. எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் ஒரு சிறு மௌனம் சேர்ந்துவிடுவதால், சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் இசை விக்கும். ஓஜிஜி வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை.

செல்பேசி எனக்கு இன்னொரு பாடம் கற்பித்தது. டபுள் பேஸின் கடைசித் தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. செல்லோவின் கடைசித் தந்தி 65. செல்பேசியின் குட்டி ஒலிபெருக்கியால் இவ்விரண்டையுமே எழுப்ப முடியாது. ஹெட்போனில் கடலைப் போல் முழங்கிய என் அடி அடுக்கு, அக்கா மகனின் கையில் காணாமல் போயிருந்தது. அதே வரியைப் பஸூன் என்ற ஊதுகருவியில் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே சேர்த்த பிறகே அது காதுக்கு எட்டியது.

மேலும், கணினி வாசிக்கும் வயலின்களின் மேல் உயிருள்ள ஒரே ஒரு வயலினைச் சேர்த்தால் முழுக் குழுவும் மூச்சுவிடுவதுபோல் தோன்றும் என்பதால், நாகர்கோவிலில் கர்நாடக வயலின் கற்பிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்தேன். அவர் தரையில் அமர்ந்து, தந்திகளை எங்கள் சுருதிக்கு மாற்றிக்கொண்டு, தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நீ எழுதுன சொரத்த வாசிச்சிரலாம் மக்களே, ஒண்ணுலருந்து அடுத்ததுக்கு எப்படிப் போவணும்னு எழுதலியே?” என்னிடம் பதில் இல்லை. அவரே போன வழியைத்தான் பதிவு செய்தேன். அதுவும் எளிதாக நடக்கவில்லை. கேரளத்துக்குப் பாறை ஏற்றிச் செல்லும் லாரிகள் எங்கள் சாலையில் இரவு முழுவதும் ஓடுகின்றன. வீட்டுச் சன்னல் அதிர, ஒன்பது முறை வாசித்தும் ஒன்றுகூடச் சுத்தமாக அமையவில்லை. சாலையும் போயிற்று, தூக்கமும் போயிற்று. எழுபது வயதுக்காரரை விடியற்காலை மூன்றரை மணிவரை காக்க வைத்துப் பதிவு செய்த பாவம் மட்டும் என் கணக்கில் சேர்ந்தது.

கணினி வாசித்ததில் என்ன உணர்ச்சி என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பாவில் புடாபெஸ்டிலோ ஸ்கோப்யேயிலோ ஆர்க்கெஸ்ட்ராவை மணிக்கணக்கில் அமர்த்திப் பதிவு செய்ய வழியிருப்பவர்கள் அப்படியே செய்யட்டும். அதற்கு இது ஈடு என்று நான் வாதிடவில்லை. விளையாட்டுக்கு வாசிப்பதெல்லாம் இசையா என்று என் மாமா கேட்டதற்கு மட்டும், 2023 முதல் கிராமி விருதில் விளையாட்டு இசைக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது என்று சொன்னேன். அவர் மசியவில்லை. விளையாட்டின் இறுதிப் பட்டியலில் என் பெயர் ‘பின்னணி ஒலி’ என்பதன் கீழ் வந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

நீங்கள் முதலில் எட்டுச் சுற்றுகளுக்கு நான்கு குரல்களை எழுதி, அவற்றில் ஒன்றை மட்டும் தாமதமாக இறங்க வைத்து, செல்பேசியில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். மாற்றிய இசையோடு அக்கா மகன் மறுபடி ஆடியபோது, படகு கரை தட்டிய பிறகும் சிறுமியை நகர்த்தாமல் வைத்திருந்தான். ஏன் நிற்கிறாய் என்று கேட்டேன். “பாட்டு முடியட்டும் மாமா” என்றான். அது முடியாத பாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று சுற்று காத்திருந்தான்.