வலி எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது? – கேள்வி பதில்

கேள்வி (யீஷூன்): கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்தால் முதலில் 'சுரீர்', கொஞ்சம் கழித்துத்தான் 'விண் விண்'. ஏன் இரண்டு தவணை?

பதில்: இரண்டு வகை நரம்பிழைகள், அக்கா. 'சுரீர்' வருவது ஏ-டெல்டா இழையில். மேலே மயலின் என்ற கொழுப்பு உறை இருப்பதால் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் ஓடும். 'விண் விண்' வருவது உறையில்லாத சி இழையில். அது நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டாது. அந்த இடைவெளியில்தான் 'ஐயோ, இனிமேல்தான் இருக்கு' என்று பல்லைக் கடிக்கிறோம்.

கேள்வி (பிடோக்): கோடாலித் தைலம் உண்மையிலேயே கேட்குமா?

பதில்: கேட்கும். வீக்கத்தை ஆற்றாது, அவ்வளவுதான். அதிலுள்ள மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டும். தேய்க்கிற கை தொடுவுணர்வு இழைகளைத் தூண்டும். தொடுவுணர்வு தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் சொன்னார்கள். விவரங்கள் பிறகு திருத்தப்பட்டன, அடிப்படை நிற்கிறது. என்னைக் கேட்டால், பாதிப் புகழ் தைலத்துக்கு, பாதி பாட்டியின் கைக்கு.

கேள்வி (உட்லண்ட்ஸ்): தைப்பூசத்தில் அலகு குத்திக்கொண்டு சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நடக்கிறார்களே, வலிக்காதா?

பதில்: தோல் நரம்பு தன் செய்தியை அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் மேலிருந்து கீழே இறங்கும் பாதை ஒன்றும் உண்டு. நடுமூளையில் தொடங்கி, மூளையின் அடிப்பகுதியான முகுளம் வழியாகத் தண்டுவடத்துக்கு வந்து, ஏறுகிற வலியை அங்கேயே அமுக்கும். உடம்பே சுரக்கும் வலிநிவாரணிகளான எண்டார்பின், என்கெஃபலின் எல்லாம் இந்தப் பாதையில்தான் வேலை செய்கின்றன. மனம் வேறொன்றில் ஆழ்ந்திருந்தால், வலிக்காது என்ற நம்பிக்கை இருந்தால், பாதை நன்றாக முடுக்கிவிடப்படும். அது முருகன் அருளா என்றால், நான் நரம்பு வரைக்கும்தான் பேசுவேன்! இதே பாதை வலியைக் கூட்டவும் செய்யும். பல் மருத்துவர் ஊசியை எடுக்கும்போதே சிலருக்கு ஈறு கூசுவது அதனால்தான்.

கேள்வி (தெம்பனிஸ்): முதுகுவலி, இரண்டு வருடமாக. எம்ஆர்ஐயில் ஒன்றுமில்லை. வீட்டில் நடிப்பு என்கிறார்கள்.

பதில்: நடிப்பில்லை, தம்பி. வலிச் செய்தி விடாமல் வந்துகொண்டிருந்தால் தண்டுவட நரம்பணுக்களின் உணர்திறன் ஏறிவிடும். லேசாகக் குனிந்தாலே வலியாகப் படும். ஸ்கேன் எலும்பையும் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டையும் (டிஸ்க்) காட்டும், இதைக் காட்டாது. படுத்தே கிடக்காமல் நடையைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள், இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி (ஜூரோங்): அப்பாவுக்குச் சர்க்கரை. பாதத்தில் புண், ஆனால் வலியே இல்லை என்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. வலி நரம்பு செத்திருக்கலாம். நாளைக்கே பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப்போங்கள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்லுங்கள்.