பிள்ளைக்குப் பியூரிட்டன் பாடம், வீட்டுக்கே தலைவலி: கேள்வி பதில்

நியூ ஜெர்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 14 வருடமாக லெவன்த் கிரேடு ஆங்கிலம் நடத்துகிறேன். செப்டம்பர் வந்தால் பாடம் பியூரிட்டன்களிடம், அதாவது 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் வந்து குடியேறிய கண்டிப்பான கிறிஸ்தவர்களிடம், தொடங்கும். தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலிருந்து போனும் தொடங்கிவிடும். இந்த வருடம் எல்லாரையும் ஒரே இடத்தில் கேட்கச் சொல்லிவிட்டேன்.

கேள்வி: மகன் வில்லியம் பிராட்ஃபோர்டின் 'ஆஃப் பிளிமத் பிளாண்டேஷன்' படிக்கிறான். நாலு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். வாக்கியம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகிறதாம். நான் பி.இ. படித்தவள். எப்படி உதவுவது?

வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. பிறகு ஒரே ஒரு கேள்வி: இந்த மனிதர் யாரிடம் பேசுகிறார்?

பிராட்ஃபோர்ட் இங்கிலாந்துக்காரர், மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா வந்து சேர்ந்தது 1620. எழுத உட்கார்ந்தது 1630. முதல் குளிர்காலத்திலேயே கூட வந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். அதைப் பார்க்காத பிள்ளைகளுக்குச் சொல்கிறார். கரை இறங்கும் இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, அவர் அடுக்குவதைப் பாருங்கள்: வரவேற்க நண்பர் இல்லை, இளைப்பாறச் சத்திரம் இல்லை, ஒதுங்க வீடு இல்லை, ஊர் இல்லை. அந்த 'இல்லை'களை மட்டும் மகன் வட்டமிடட்டும், பாதி எஸ்ஸே கைக்கு வந்துவிடும். பி.இ. தாராளமாகப் போதும். "எங்க காலத்துல கரண்ட் ஏது, ரோடு ஏது" என்று பாட்டி ஆரம்பிப்பாரே, அதே உத்திதான்.

பையனுக்குச் சுவாரசியம் வேண்டுமென்றால் இதையும் சொல்லுங்கள்: இந்தக் கையெழுத்துப் பிரதி காணாமல் போய், 1855-இல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் அகப்பட்டது. முழுதாக அச்சேறியது 1856-இல்தான்.

கேள்வி: நாங்கள் இந்துக் குடும்பம். போதகர் ஜோனதன் எட்வர்ட்ஸின் 'சின்னர்ஸ் இன் தி ஹேண்ட்ஸ் ஆஃப் அன் ஆங்ரி காட்' (கோபம்கொண்ட கடவுளின் கையில் பாவிகள்) பிரசங்கத்தைப் படித்துவிட்டு மகள் பயந்துபோய் வந்தாள். வேறு பாடம் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் கேட்காதீர்கள் என்பேன். பயந்தாள் என்றால் அவள்தான் வகுப்பிலேயே ஒழுங்காகப் படித்தவள். நம்பச் சொல்லி யாரும் இதை நடத்துவதில்லை. பயம் எந்த வரியில் வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பாடம்.

பிரசங்கம் நடந்தது 1741 ஜூலை 8, என்ஃபீல்டு. இன்றைக்கு அந்த ஊர் கனெக்டிகட்டில் இருக்கிறது. எட்வர்ட்ஸ் எடுத்துக்கொண்ட பைபிள் வசனம், 'அவர்கள் கால் வழுக்கும்' என்பது. வழுக்கு நிலத்தில் நிற்பவனை யாரும் தள்ள வேண்டாம், அவன் எடையே அவனைத் தள்ளிவிடும் என்று தொடங்குகிறார். கொஞ்ச நேரத்தில் அந்த எடை ஈயமாகிறது: உன் பாவம் உன்னை ஈயம்போலக் கனக்க வைக்கிறது. உன் நற்செயலெல்லாம் சேர்ந்து உன்னைத் தாங்குமா? விழுகிற பாறையைச் சிலந்தி வலை தாங்கினால் தாங்கும். இன்னும் கொஞ்சம் போனால் நெருப்புக்கு மேலே தொங்கும் சிலந்தியே நீதான். அதாவது, வலை போய்விட்டது, சிலந்தி மட்டும் மிச்சம்.

இப்போது மகளை 'நீ' என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். முதலில் 'அவர்கள்' என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், எங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பக்கம் திரும்புகிறார்? அன்றைக்கு ஜனங்கள் அலறிய அலறலில் அவர் பிரசங்கத்தை நிறுத்த வேண்டியதாயிற்று என்று அங்கிருந்த இன்னொரு போதகர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் மகள் தனியாள் இல்லை.

கேள்வி: மிஸ், ஆன் பிராட்ஸ்ட்ரீட் வீடு எரிந்ததைப் பற்றி எழுதிய கவிதை. 'கவிஞர் மனம் தேறிவிட்டாரா?' என்பது கேள்வி. கடவுள் கொடுத்தார், கடவுள் எடுத்துக்கொண்டார் என்று அவரே சொல்கிறார், அதனால் தேறிவிட்டார் என்று எழுதி 'சி' வாங்கினேன்.

கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டாய் தம்பி. 1666 ஜூலை 10 ராத்திரி வீடு எரிகிறது. கடவுளுக்கு நன்றி சொல்லி முடித்ததும் கவிதை முடியவில்லையே! அதற்கப்புறம் அந்தச் சாம்பல் பக்கம் நடக்கும்போதெல்லாம் கண் தானாகப் போகிறது: இங்கேதானே அந்தப் பெட்டி இருந்தது, அங்கேதானே அந்தப் பேழை. பிறகு பிராட்ஃபோர்ட் அடுக்கிய மாதிரியே 'இல்லை'கள். இனி விருந்தாளி உட்காரப் போவதில்லை, மேஜையில் ஒரு வாய் சாப்பிடப் போவதில்லை, கதை பேசப் போவதில்லை. யாரிடம் சொல்கிறார் பார்: 'உன் கூரையின் கீழ்' என்கிறார். எரிந்த வீட்டிடமே பேசுகிறார்! அதன் பிறகுதான் தன் மனதைத் தானே திட்டத் தொடங்குகிறார். தேறினவருக்கு மனதைத் திட்ட என்ன அவசியம்? இதை வைத்துத் திருத்தி எழுதிக் கொடு.

கேள்வி: கவிஞர் ஃபில்லிஸ் வீட்லி அடிமையாக இருந்தவர். ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதைக் 'கருணை' என்று எழுதுகிறார். எனக்குக் கோபம்தான் வருகிறது.

வரட்டும். ஆனால் எட்டே வரிக் கவிதை, ஏழாவது வரியில் யாரைக் கூப்பிடுகிறார்? 'நினைவில் வையுங்கள், கிறிஸ்தவர்களே' என்கிறார். தன்னை இளக்காரமாகப் பார்க்கிறவர்களைத்தான். அவர்கள் வேதத்தை வைத்தே அவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்.

ஏழெட்டு வயதில், 1761-இல் பாஸ்டனில் விற்கப்பட்ட பிள்ளை. 1773-இல் புத்தகம் லண்டனில் வந்தபோது, இதை இந்தப் பெண்தான் எழுதினார் என்று பாஸ்டன் பெரிய மனிதர்கள் 18 பேர், ஆளுநர் உட்பட, சான்று கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் கையெழுத்தோடு வரும் புத்தகத்தில் எவ்வளவு கோபத்தைக் காட்ட முடியும்? அந்த அளவை வைத்துக்கொண்டு மறுபடி படித்துப் பாருங்கள்.

கேள்வி: பேட்ரிக் ஹென்றியின் 'சுதந்திரம் கொடு, இல்லையேல் மரணம் கொடு' என்ற அமெரிக்க விடுதலைப் போராட்டக் கால உரையின் சொல் தேர்வைப் பற்றி ஏபி லாங் (கல்லூரி மட்டத்து ஆங்கிலப் பாடம்) வகுப்பில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

எழுதலாம், ஒரு எச்சரிக்கையோடு. அவர் பேசியது 1775 மார்ச்சில். நாம் படிக்கும் உரை, வில்லியம் வர்ட் என்பவர் கேட்டவர்களின் நினைவை விசாரித்து 1817-இல் வெளியிட்டது. இதை ஒரு வரியில் குறிப்பிட்டாலே பேப்பர் தனியாகத் தெரியும்.

கேள்வி: 'தி குரூசிபிள்' பியூரிட்டன் இலக்கியம்தானே?

இல்லை. அமெரிக்காவின் சேலம் ஊரில் சூனியக்காரர்கள் என்று ஆட்களைப் பிடித்து நடத்திய வழக்கு 1692, அதை வைத்து ஆர்தர் மில்லர் எழுதிய இந்த நாடகம் 1953. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில், அந்தக் காலத்து ஜனங்களுக்கு எழுதியது. நாடகத்தில் மற்றவர்கள் மேல் சூனியப் பழி போடும் 17 வயதுப் பெண்ணாக வரும் அபிகெயில் நிஜத்தில் 11, 12 வயதுச் சிறுமி. அதை வைத்து வரலாற்றுப் பரீட்சை எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: சுருக்கத்தை ஏஐ-யிடம் வாங்கிப் படித்தால் என்ன?

மேலே சொன்ன சிலந்தி அதில் இருக்காது.

கேள்வி: மகள் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் சுயசரிதையில் வரும் 13 நற்குணப் பட்டியலைப் பார்த்து, 'தாத்தா ஃபார்வர்டு பண்ற வாட்ஸ்அப் மெசேஜ் மாதிரி இருக்கு' என்கிறாள்.

பட்டியலோடு நிறுத்தினால் அப்படித்தான் இருக்கும். அடுத்த பக்கங்களைப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு வாரம், தப்பு செய்தால் கட்டத்தில் கறுப்புப் புள்ளி. புள்ளியைச் சுரண்டிச் சுரண்டிச் சின்ன நோட்டு ஓட்டையாகிவிடுகிறது! கடைசியில் ஈரப் பஞ்சால் துடைக்க வசதியாகத் தந்தத் தாளுக்கு மாறுகிறார். தன்னால் முடியாததையும் ஒப்புக்கொள்கிறார்: பொருளை அதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் கடைசி வரை படியவில்லையாம். முதலில் பட்டியலில் 12 குணம்தான் இருந்தது. "உனக்குத் தலைக்கனம் ஜாஸ்தி" என்று குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு நண்பர் சொன்ன பிறகுதான் பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்க்கிறார். தலைக்கனத்தை முழுசாக ஜெயித்துவிட்டதாக நினைத்தால், அப்புறம் பணிவைப் பற்றியே பெருமை வந்துவிடும் என்றும் எழுதுகிறார்.

அதற்கும் உங்கள் மகள் சிரிக்கவில்லை என்றால் எனக்குச் சொல்லுங்கள்.