பென்சில்வேனியா நிலத்தில் பழைய எரிவாயுக் கிணறு: மூடும் செலவு யாருடையது?

நீங்கள் வாங்கிய நிலத்தில் கைவிடப்பட்ட எரிவாயுக் கிணறு ஒன்றின் துருப்பிடித்த குழாய் நிற்கிறது, அதை மூடும் செலவை உங்களிடம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கிணறு உங்கள் நிலத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை மூடும் செலவு உங்கள் தலையில் விழாது. அது 1985 ஏப்ரல் 18-க்கு முன் கைவிடப்பட்டு, நீங்கள் அதை இயக்காமலும் அதன் வாயுவால் பயனடையாமலும் இருந்தால், பென்சில்வேனியச் சட்டப்படி அது ஆதரவற்ற கிணறு. அத்தகைய கிணறுகளை மூடவே அமெரிக்காவின் 2021-ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் 470 கோடி டாலர் ஒதுக்கியது.

உங்களிடம் பணம் கேட்பவர்கள், அந்த வாயு உங்கள் வீட்டுக்கு எடுக்கப்பட்டதாகக் கருதுவது அதற்குக் காரணமாக இருக்கலாம். துருப்பிடித்த குழாயிலிருந்து வீட்டை நோக்கி மெல்லிய குழாய் ஏதேனும் செல்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயவுசெய்து அதைப் பயன்படுத்தாதீர்கள்.

மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் கிணறுகள் பட்டியலில் அந்தக் கிணற்றைக் கடைசியாக இயக்கியவரின் பெயர் இருந்தால், பொறுப்பு முதலில் அவருடையதே.

ஆதரவற்ற கிணறுகளின் பட்டியலில் உங்கள் கிணறு சேர்ந்தாலும், அது மூடப்படும் வரை காத்திருப்பு நீளலாம். மழைக்குப் பின் குழாயைச் சுற்றித் தேங்கிய நீரில் குமிழிகள் எழுந்தால், நெருப்பை அண்டவிடாமல் காணொளி எடுத்து உடனே துறைக்கு அனுப்புங்கள்.