மூக்கும் காளானும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சென்னை மேடவாக்கத்தில் வசிக்கிறேன். வயது 29, மென்பொருள் வேலை. ஏப்ரல் கடைசியில் வீட்டிலேயே சிப்பிக் காளான் வளர்க்க ஆரம்பித்தேன். இருபது வீடியோக்களாவது பார்த்திருப்பேன். வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் ஆறவிட்டு, விதை தூவி ஐந்து பைகள் கட்டினேன். குளியலறையை ஒட்டிய சின்ன அறையில் தொங்கவிட்டேன். ஈரப்பதம் காட்டும் மீட்டர்கூட வாங்கினேன். நாலாவது நாளே அம்மா ஏதோ புளித்த வாடை வருகிறது என்றார். வைக்கோல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். பத்தாம் நாள் ஒரு பையில் பச்சைப் பொட்டு. திறந்து கிளறிப் பார்த்தேன். அடுத்த வாரத்துக்குள் நான்கு பைகள் முழுக்கப் பச்சை. மிஞ்சிய ஒன்றில் 180 கிராம் கிடைத்தது. மொத்தச் செலவு 6,400 ரூபாய். கடைக்குப் பெயர் வைத்து, லோகோவும் செய்து நண்பர்களுக்கு அனுப்பியிருந்தேன். இப்போது கேலி செய்கிறார்கள்.

கிடார், ஜெர்மன் மொழி என்று நான் தொடங்கிய எதையும் முடித்ததில்லை. நான்கு மாதமாக இதே யோசனைதான். மறுபடி முயலலாமா? என்னிடம் ஏதோ அடிப்படையிலேயே குறை இருக்கிறதா? காளான் சைவமா என்று பாட்டி கேட்கிறார், அதற்கும் பதில் தெரியவில்லை. நீங்கள் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் எழுதுகிறேன்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தைச் சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில், திண்ணையில் உட்கார்ந்து போனில் படித்தேன். வேறொரு நாள் வந்திருந்தால் இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன். அன்று காலைதான் எனக்கும் காளானுக்கும் ஒரு விஷயம் நடந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுவோம். சைவமா அசைவமா என்பதைப் பாட்டியிடமே விட்டுவிடுங்கள். காளான் செடியும் இல்லை, விலங்கும் இல்லை. அவர் தொடத் தயங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது. கிடாரை விட்டதற்கும் வைக்கோல் பச்சையானதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கள் மனசு எப்படிப்பட்டது என்று பூஞ்சைக்குத் தெரியாது. லோகோவைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. மொட்டு வருவதற்கு முன்னால் லோகோ வந்துவிட்டது. பிள்ளை பிறக்கும் முன் காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்தால் ஊர் சிரிக்கத்தானே செய்யும்?

சிப்பிக் காளானுக்கு 20 முதல் 28 டிகிரி வரை வெப்பம் இருந்தால் நல்லது. நீங்கள் தொடங்கியதோ சென்னையில், கத்திரி வெயிலுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த சமயத்தில். உங்கள் மீட்டர் இதைச் சொல்லவில்லையா? அந்த வெயிலுக்கென்றே பால் காளான் இருக்கிறது. 1974இல் மேற்கு வங்கத்தில் கண்டெடுத்து இந்தியாவிலேயே வளர்க்கக் கற்ற காளான் அது. 30, 35 டிகிரியில் சந்தோஷமாக வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ரகத்தின் பெயர் ஏபிகே 2, அருப்புக்கோட்டையின் பெயர் அதில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து அருப்புக்கோட்டை ரொம்பத் தூரமில்லை, அங்கே அடிக்கிற வெயிலைத் தாங்கினால் எந்த வெயிலையும் தாங்கும். ஆனால் படுக்கைக்கு மேல் வேகவைத்த மண் போட வேண்டும், அதிக நாள் காத்திருக்க வேண்டும். உங்களுக்குப் பொறுமை இருக்குமா என்று தெரியவில்லை, அதனால் அதை இப்போதைக்கு விடுகிறேன்.

பச்சைப் பொட்டின் பெயர் டிரைக்கோடெர்மா. உங்களுக்கு அது சனியன். அதே இனத்தைச் சேர்ந்த விரிடி என்ற பூஞ்சையை இங்கே விவசாயிகள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதைத்தால் வேரழுகலைத் தடுக்கும். அதன் தொழிலே மற்றப் பூஞ்சைகளைத் தின்பதுதான். கடலைக் காட்டில் அது காவல்காரன், உங்கள் பையில் திருடன். வந்தது தெரிந்ததும் பையைக் கட்டி, வீட்டைவிட்டுத் தூரமாகக் கொண்டுபோய்ப் புதைத்திருக்க வேண்டும். நீங்கள் அறைக்குள்ளேயே திறந்து கிளறியிருக்கிறீர்கள். அந்தப் பச்சை முழுக்க வித்து ஐயா. ஊதினாலே பறக்கும். மற்ற மூன்று பைகளுக்கும் நீங்களே கையால் விதைத்திருக்கிறீர்கள்.

சரி, இதையெல்லாம் எந்த வீடியோவிலும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சென்டிமீட்டர் இருக்கிறது, நாள் கணக்கு இருக்கிறது, ரூபாய் இருக்கிறது. மணம் என்று ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் உங்கள் மூக்கு இல்லை, அம்மாவின் மூக்கு. நாலாவது நாளே புளித்த வாடை என்று அவர் சொல்லிவிட்டார்! பச்சை தெரிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது. வைக்கோல் அளவுக்கு மேல் ஈரமாக இருந்தால் உள்ளே பாக்டீரியா புகுந்து புளிக்கும். காளான் இழை வைக்கோலில் சரியாகப் பரவாது. பலவீனமான அந்தப் பையில்தான் பச்சை பிடிக்கும். காரணம், நாள், இடம் எல்லாவற்றையும் அந்த அம்மா ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கிறார். நீங்கள் வைக்கோலைப் பற்றி அவருக்குப் பாடம் எடுத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது இந்த வரியில்தான். வாழ்க்கையில் எத்தனை முறை வைக்கோலை மோந்திருப்பீர்கள்? 'வைக்கோல் என்றால் அப்படித்தான் இருக்கும்' என்று எந்தத் தைரியத்தில் சொன்னீர்கள்?

நல்ல வைக்கோலுக்குக் காய்ந்த, லேசான இனிப்பு வாசம் உண்டு. மழையில் நனைந்து காய்ந்தது என்றால் தூசி வாடை அடிக்கும், தொண்டையில் உறுத்தும். அதை வாங்கவே கூடாது. வேகவைத்ததும் கழுநீர்த் தொட்டிப் பக்கம் போனதுபோல ஒரு மணம் வரும், அது ஆறும்போது அடங்கிவிடும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, கை மட்டும் நனைய வேண்டும். விதை என்பது காளான் இழை படரவிட்ட சோளம்தான், அந்தப் பொட்டலத்தைத் திறந்ததும் காளான் வாசம்தான் வர வேண்டும். புளிப்போ அழுகலோ இருந்தால், சோளத்தின் மேல் எவ்வளவு வெள்ளையாக இழை படர்ந்திருந்தாலும், பிரிக்காமல் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பையில் இழை நன்றாகப் பரவினால் மழை பெய்த தோட்டத்தின் வாசம் வரும். இதில் எதற்கும் மீட்டர் கிடையாது. வீடியோவில் எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும், மணம் மட்டும் வராது. இருபது வீடியோ பார்த்தவர் இருபது முறை மூக்கில்லாமல் படித்திருக்கிறார்.

ஆமாம், இது என்னுடைய பழைய புலம்பல்தான். பால் திரிந்ததா என்று பாக்கெட்டில் தேதி பார்க்கும் தலைமுறை நாம். என் மகள் மாவு புளித்துவிட்டதா என்று என்னிடம் போனில் கேட்கிறாள். நான் இங்கிருந்து எப்படியம்மா மோந்து பார்ப்பது?

ஆனால் உங்களைத் திட்டும் தகுதி எனக்குக் குறைவு. 2021 மே மாதம் கொரோனாவில் என் மூக்கு போயிற்று. நான்கு மாதம் ஒன்றுமே இல்லை. அப்புறம் திரும்பி வந்தது கோணலாக வந்தது. காபி எரிந்த ரப்பர் மாதிரி, வெங்காயம் பெட்ரோல் மாதிரி. இப்போது முக்கால்வாசி சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

என் அப்பத்தாவுக்குக் கடைசிப் பத்து வருடம் இரண்டு கண்ணிலும் புரை. பகலில் ஆள் நிழலாகத் தெரியும், அவ்வளவே. இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியும் முன் என்னை எழுப்பிவிடுவாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க்கரை தாண்டி செம்மண் பொட்டலில் நடப்பாள். திடீரென்று தோளை அழுத்துவாள். "இங்கனதான் எங்கயோ பூத்திருக்கு, பாருடா." பார்த்தால் பத்தடியில் புற்றடியில் வெள்ளைக் குடைகள் நிற்கும். புற்றுக்காளான். அதைப் பிடுங்க விடமாட்டாள். காம்பு மண்ணுக்குள் ஒரு சாண், சில சமயம் ஒரு முழம் போகும், அது போகிற இடம் கரையானின் வீடு. மேலே மட்டும் கிள்ளச் சொல்வாள். இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்குவாள். வீட்டுக்கு வந்து மஞ்சள் தண்ணீரில் அலசி, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினால் தெருவே எட்டிப்பார்க்கும். (இதைப் படித்துவிட்டு யாரும் பொட்டலுக்குக் கிளம்ப வேண்டாம். பூண்டு கறுத்தால் விஷம், வெள்ளி கறுத்தால் விஷம் என்பதெல்லாம் பொய். அப்பத்தாவுக்குத் தெரிந்தது அந்த ஒரே காளான். மற்ற எதையும் காலால்கூடத் தொடமாட்டாள்.)

அந்தக் காம்பு போய்ச் சேரும் இடத்தில்தான் உங்கள் தொழிலின் மூத்த குடும்பம் இருக்கிறது. கரையான்கள் மூன்று கோடி வருடங்களாகக் காளான் விவசாயம் செய்கின்றன. மென்ற இலையையும் சுள்ளியையும் கழிவாக்கிக் கடற்பஞ்சுபோல ஓட்டை ஓட்டையாக ஒன்றைக் கட்டி, அதில் காளான் இழையை வளர்த்து, அதைத் தின்று வாழ்கின்றன. நம்மூரில் அதற்குப் புற்றாஞ்சோறு என்று பெயர், சங்கப் புலவர்கள் குரும்பி என்றார்கள். கரடி புற்றைத் தோண்டுவது கரையானைத் தின்னத்தான். நாம் என்னவோ பாம்பு இருக்கிறது என்று முட்டையும் பாலும் ஊற்றுகிறோம், வீட்டைக் கட்டியவனை யாரும் கும்பிடுவதில்லை.

அங்கேயும் உங்கள் பிரச்சினை உண்டு. புற்றாஞ்சோற்றில் சைலேரியா வகைக் களைப் பூஞ்சை எப்போதும் பதுங்கியிருக்கிறது. கரையான்கள் போய்விட்டால் சில நாளில் அது முழுவதையும் மூடிவிடும். அவை இருக்கும்வரை தலையெடுக்காது. எப்படித் தெரிகிறது அவற்றுக்கு? புற்றுக்குள் இருட்டு, வேலைக்காரக் கரையான்களுக்குக் கண்ணும் கிடையாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரெனே போர்ஜஸ் குழுவினர் நம் புற்றுகளைக் கட்டும் கரையான்களையே வைத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த ஆய்வு அது. பயிர்ப் பூஞ்சைக்கு ஒரு மணம், களைப் பூஞ்சைக்கு வேறு மணம். களையின் மணம் பட்டதும் கரையான்கள் மண் உருண்டைகளைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டுப் புதைத்துவிடுகின்றன. கிளறிப் பார்ப்பதில்லை, படம் எடுத்துக் குழுவில் போட்டு இது என்ன என்று கேட்பதும் இல்லை.

இத்தனை செய்தும் அந்தப் புற்றுக்காளானை மனிதர்கள் சிப்பிக் காளான்போலப் பையில் கட்டி விற்கும் அளவுக்கு இன்னும் வளர்க்கவில்லை. கரையான் தன் ரகசியத்தை என் அப்பத்தாவைவிட நன்றாகக் காப்பாற்றுகிறது.

இப்போது அந்தக் காலை. முந்தின இரவு நல்ல இடிமழை. விடிந்ததும் பழைய ஞாபகத்தில் பொட்டல் பக்கம் நடந்தேன். தங்கையின் பேத்தி, ஏழு வயது, கூட வந்தாள். பொட்டலில் பாதி இப்போது பிளாட், கல் நட்டிருக்கிறார்கள். புற்றுகளை ஜேசிபி தள்ளிவிட்டது. மிச்சமிருந்த ஒரு மேட்டைத் தாண்டி நான் நடந்து போய்விட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் அவள் நின்று, "தாத்தா, இங்க என்னமோ வாசமடிக்குது" என்றாள். ஆறு குடைகள், நான் மிதிக்காமல் தப்பியவை. ஒன்றைக் கிள்ளி என் மூக்குக்குக் கீழே வைத்து, "வருதா?" என்று கேட்டாள். வருது என்றேன்.

திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து போனைத் திறந்தால் உங்கள் கடிதம். அதில் உங்கள் அம்மாவின் புளித்த வாடை.

மறுபடி முயலலாமா என்று கேட்டிருந்தீர்கள். முயலுங்கள், ஆனால் கார்த்திகை வரட்டும், சென்னை கொஞ்சம் குளிரட்டும். அந்த அறையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, ஒரு வாரம் காயவிடுங்கள். ஐந்து பை வேண்டாம், இரண்டு போதும். மூன்றாம் நாளிலிருந்து தினமும் காலையில் அம்மாவை அந்த அறை வாசலில் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். பையைத் திறக்க வேண்டாம், நின்றால் போதும். அவர் முகம் சுளித்தால் அன்றைக்கே அந்தப் பை வெளியே போக வேண்டும், வாதாடாதீர்கள். பக்கத்தில் நீங்களும் நின்று மோந்து பாருங்கள். முதலில் ஒன்றும் புரியாது.

அப்புறம், ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்த 180 கிராமை என்ன செய்தீர்கள்? கணக்கெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் எழுதவில்லை. அம்மா வதக்கினாரா, குழம்பு வைத்தாரா?