பர்மாவில் இறந்த பெரிய தாத்தா: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் ஆரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய், இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்துவிட்டார். வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரு மெடல்தான். அவர் எந்தப் படைப்பிரிவு, எங்கே அடக்கமானார், மனைவி மக்கள் உண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெயரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மெடலை எடுங்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்த மெடல்களில் பட்டாள எண், பதவி, பெயர், பிரிவு நான்கும் பெரும்பாலும் பொறித்திருக்கும். வட்ட மெடல் என்றால் விளிம்பில், நட்சத்திரம் என்றால் பின்பக்கத்தில் பாருங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, செல்போனில் பெரிதாக்கிப் படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். புளி, திருநீறு எதையும் போட்டுத் துலக்கவே கூடாது. மெலிந்த எழுத்து அதோடு போய்விடும். ஆங்கிலச் சுருக்கத்தில் ‘ஐ.இ.’ என்றிருந்தால் இந்தியன் இன்ஜினியர்ஸ், ‘ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.’ என்றால் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர்.

அடுத்தது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பட்டியல். தேடக் கட்டணமில்லை. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருந்தபோது இறந்தவர்கள் அதில் உண்டு. குண்டடிபட்டு இறந்திருக்க வேண்டும் என்பதில்லை, மலேரியாவில் போனவரும் இருப்பார். எண் கிடைத்திருந்தால் அதைக் கொண்டே தேடுங்கள். கிடைக்காவிட்டால்தான் பெயர். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் சொந்தப் பெயரே அந்தக் கட்டத்தில் ஏறியிருக்கும். முத்துசாமியை ஒரு குமாஸ்தா ‘முத்துஸ்வாமி’ என்றும் இன்னொருவர் ‘முதுசாமி’ என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். முதல் நாலைந்து எழுத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஊர்ப் பெயரைக் கூடுதல் தகவல் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். மாவட்டமும் பழையதுதான்: ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டம், அன்று வட ஆற்காடு.

பல பதிவுகளில் ‘இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர்’ என்று ஒரு வரி இருக்கும். உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடை அந்த ஒரு வரியில் கிடைத்துவிடலாம். எண், தகப்பனார் பெயர், ஊர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் இவர்தான் என்று முடிவுகட்டாதீர்கள். பெயரும் பிரிவும் ஒன்றாக உள்ள வேறு ஆட்கள் நிறைய உண்டு.

சமாதி இல்லை என்று தெரிந்தால் மனம் உடைய வேண்டாம். இந்து வீரர்களைப் பெரும்பாலும் தகனம் செய்தார்கள். யாங்கூனுக்கு வடக்கே தாவுச்சான் போர்க் கல்லறையில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் சமாதி அறியப்படாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. பட்டியலில் உள்ள ‘ஃபேஸ்’ எண்ணைக் குறித்துக்கொண்டால் எந்தத் தூணின் எந்தப் பக்கம் என்று நேரே போய் நிற்கலாம்.

இனி கடிதம். சாப்பர் (பட்டாளத்தின் இன்ஜினியர் பிரிவு வீரர்) என்றால் பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்ஸ் ரெக்கார்ட் ஆபீஸுக்கு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கு. எண், பதவி, பெயர், தகப்பனார் பெயர், ஊர், பழைய தாலுகா, உங்கள் உறவுமுறை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி, மெடல் படத்தோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். முழுக் கோப்பு இருக்காது, காலம் கடந்தவற்றை அழிப்பது வழக்கம். அதனால் ‘லாங் ரோல்’ என்னும் வீரர்களின் பெயர்ப் பதிவேட்டில் உள்ள விவரம் வேண்டும் என்று குறிப்பிட்டே கேளுங்கள். முகவரி தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூ.ஓ. 172’ வரிசையில் பர்மாப் போர்முனைப் பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் உள்ளன. அவற்றில் சிப்பாய்களின் பெயர் அரிது, ஆனால் அவர் இறந்த நாளில் பிரிவு எங்கே இருந்தது என்பது தெரியும்.

மனைவி பெயர் கிடைத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பூர்வீக நிலத்தின் சர்வே எண்ணுக்குப் பழைய ஆண்டுகளின் வில்லங்கம் எடுங்கள். 1940களின் பாகப் பிரிவினை, விடுதலைப் பத்திரங்களில் அந்த அம்மாவின் பெயரும் அப்போது அவர் குடியிருந்த ஊரும் இருக்கலாம். கணவன் இறந்தபின் பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தால், விசாரிக்க வேண்டியது அந்த ஊரில்.